திருட்டு ஆட்டம் என்று எழுதினேன்

அந்தக் கார்டை நின்றுகொண்டேதான் எழுதினேன்.

விருத்தாசலம் தபால் நிலையத்தில் ஒரு சாய்வு மேசை இருந்தது. பசை காய்ந்து காய்ந்து மேடு தட்டிப் போன மேசை. நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்த பேனா எழுதவில்லை. என் பையிலிருந்த பேனாவை எடுத்து, கார்டின் மறுபக்கம் தழும்பு விழும் அளவுக்கு அழுத்தி எழுதினேன்.

"இது நீங்கள் ஆடும் ஆட்டம் இல்லை. கம்ப்யூட்டரைக் கேட்டு ஆடுகிறீர்கள். திருட்டு ஆட்டம் எனக்கு வேண்டாம்."

கீழே என் பெயர், தமிழரசி. பெட்டியில் போட்டுவிட்டு எதிர்க்கடையில் ஒரு டீ குடித்தேன். மனசு லேசாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஒருத்தரை நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போலக் கேட்டுவிட்டால் அன்று எனக்குப் பசி நன்றாக எடுக்கும்.

அந்தக் கார்டு போனது கருவேப்பிலங்குறிச்சிக்கு, கலியமூர்த்தி என்பவருக்கு. பம்பு செட்டு மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். மூன்று வருடமாக நாங்கள் தபாலில் செஸ் ஆடிக்கொண்டிருந்தோம். ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. இந்த உலகத்தில் என்னோடு செஸ் ஆட இருந்த ஒரே ஆள் அவர்தான். அந்த ஒரே ஆளுக்குத்தான் அப்படி எழுதினேன்.

நல்ல புத்தகம் எது என்று கேட்கிறார்கள்

இந்தப் பத்திரிகைத் தொடரில் செஸ்ஸைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சில வாரங்களுக்கு முன்னால் போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் கேட்கிறார்கள்: "நல்ல செஸ் புத்தகம் எது, கெட்டது எது, சொல்லுங்கள்."

சொல்கிறேன். ஆனால் அதைச் சொல்லப் போனால் கலியமூர்த்தியையும் சொல்ல வேண்டிவரும். என் விஷயத்தில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன.

ராணி இடத்தில் ராஜா

எனக்கு யாரும் செஸ் சொல்லித்தரவில்லை. பஸ் நிலையத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு மெல்லிய புத்தகம் வாங்கினேன். முப்பது நாளில் செஸ் வீரர் ஆகலாம் என்று அட்டையில் போட்டிருந்தது. அப்போது எனக்கு இருபது வயது. கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் பெட்டியோடு திரும்பி வந்திருந்தேன். முப்பது நாளில் எதுவாகவாவது ஆனால் சரி என்று இருந்த காலம்.

அட்டைப் பெட்டியைக் கிழித்துக் கட்டம் போட்டேன். காய்களை ரப்பர் மூடிகளில் எழுதி வைத்துக்கொண்டேன். புத்தகத்தில் இருந்தபடியே அடுக்கினேன். இரண்டு பக்கமும் நானே ஆடினேன். இரண்டு வருடம்.

பிறகு ஒரு ஸ்கூலில் போட்டி நடந்தது. பெரியவர்களும் ஆடலாம் என்றார்கள். போய்ப் பெயர் கொடுத்தேன். எனக்கு எதிரே ஒரு பேங்க் கிளார்க் உட்கார்ந்தார். நான் காய்களை அடுக்கி முடித்ததும் அவர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார்.

"யோவ், இங்க வந்து பாரேன். ராஜா எடத்துல ராணி குந்திக்கினு இருக்குது."

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, வூட்லயும் அப்படித்தானா?"

அந்த ஹாலே சிரித்தது. புத்தகத்தில் இருந்த படத்தை அச்சாபீஸில் கண்ணாடிபோலத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். இடது வலதாகிவிட்டது. ராஜாவும் ராணியும் இடம் மாறிவிட்டார்கள். இரண்டு வருடம் நான் தப்பான போர்டில் ஆடியிருக்கிறேன். என் கண், கை, புத்தி எல்லாம் திருப்பிப் போட்டபடியே பழகியிருந்தன. அன்று இரண்டு ஆட்டமும் தோற்றேன்.

ஒரு சமையல் புத்தகத்தில் உப்பு அளவு தப்பாக இருந்தால் ஒரு வேளைச் சோறு போகும். செஸ் புத்தகத்தில் முதல் படம் தப்பாக இருந்தால், யாருமில்லாமல் தனியாகக் கற்றுக்கொள்கிறவளுடைய இரண்டு வருடம் போகும். ஆள் துணை இருக்கிறவன் பக்கத்தில் கேட்டுத் திருத்திக்கொள்வான். இல்லாதவளுக்குப் புத்தகம்தானே எல்லாம்? அதனால்தான் கெட்ட புத்தகத்தைக் கண்டால் எனக்கு எரிகிறது.

தட்டிப் பார்ப்பது

பீங்கான் பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் எனக்கு வேலை. சூளையிலிருந்து வந்த ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து இன்னொரு கட்டையால் தட்ட வேண்டும். கணீரென்று சத்தம் வந்தால் நல்லது. டொக்கென்று கேட்டால் உள்ளே விரிசல். மேலே பூசிய கிளேஸ் பளபளவென்று இருக்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காதுக்குத்தான் தெரியும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் தட்டுவேன். சத்தத்தில் யாரும் பேச முடியாது. பேச ஆளும் கிடையாது.

புத்தகத்தையும் அப்படித்தான் பார்க்கிறேன். அட்டையில் ஜெயித்தவன் கோப்பையோடு நிற்பான். அதைப் பார்க்காதீர்கள். நடுவில் பிரியுங்கள். தோற்றவன் எந்த இடத்தில் சறுக்கினான் என்று ஒரு பக்கம் கண்டிப்பாக இருக்கும். அங்கே என்ன எழுதியிருக்கிறது? "இது தவறு" என்று இரண்டு வார்த்தை எழுதிவிட்டு ஆசிரியர் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டாரா? மூடி வைத்துவிட்டு வாருங்கள். அவன் ஏன் அதைச் செய்தான், அவனுக்கு அது ஏன் சரியாகத் தெரிந்தது என்று அரைப் பக்கமாவது எழுதியிருக்கிறாரா? வாங்குங்கள்.

"இதன் பிறகு வெள்ளை சுலபமாக ஜெயிக்கிறது" என்று ஒரு வாக்கியம் எல்லாப் புத்தகத்திலும் வரும். அதை எழுதுகிறவர்களை என் எதிரே உட்கார வைத்து, "எங்கே, சுலபமாக ஜெயித்துக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. சுலபமாம். சுலபமாக இருந்தால் நாங்கள் ஏன் காசு கொடுத்து வாங்குகிறோம்?

ஆரம்ப நகர்வுகளை மட்டும் நானூறு பக்கத்துக்குப் போடும் புத்தகங்கள் இன்னொரு வகை. பதினைந்து நகர்வு மனப்பாடம் செய்யச் சொல்லும். எதிரில் ஆடுகிறவர் அந்தப் புத்தகத்தைப் படிக்காதவராக இருந்தால் மூன்றாவது நகர்விலேயே வேறு எதையாவது செய்துவிடுவார். நீங்கள் பேந்தப் பேந்த விழிப்பீர்கள். பத்தாம் வகுப்பில் ஜியோமெட்ரியை மனப்பாடம் செய்து எழுதி, கேள்வியில் முக்கோணத்தின் எழுத்தை மாற்றிவிட்டதால் ஃபெயிலானவள் நான். எனக்குத் தெரியும்.

புதிர்ப் புத்தகத்தில் விடையை அதே பக்கத்தின் கீழே தலைகீழாக அச்சடிக்கிறார்கள். எனக்குத் தலைகீழ் எழுத்து சாதாரண எழுத்து மாதிரியே படிக்க வரும். கண்ணை மூடிக்கொண்டா புத்தகம் படிப்பது? விடையை இருபது பக்கம் தள்ளிப் போடுங்கள்.

பழைய இங்கிலீஷ் புத்தகங்களில் கட்டங்களை வெள்ளைக் காய் ஆடுகிறவர் தன் பக்கத்திலிருந்து எண்ணுவார், கருப்புக் காய் ஆடுகிறவர் தன் பக்கத்திலிருந்து எண்ணுவார். ஒரே வீட்டுக்கு இரண்டு டோர் நம்பர். தபால்காரன் என்ன செய்வான்? என் இங்கிலீஷ் பத்தாவதோடு நின்றுவிட்டது. ஒரு கையில் அகராதி, ஒரு கையில் காய் என்று அந்தப் புத்தகங்களோடு சண்டை போட்டிருக்கிறேன்.

அட்டை போன புத்தகம்

நல்ல புத்தகம் என்று எனக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். ஊர் நூலகத்தில் இருந்தது. அட்டை எப்போதோ போய்விட்டது; யார் எழுதியது என்றுகூட எனக்குத் தெரியாது. இங்கிலீஷ்தான், ஆனால் வார்த்தைகள் கொஞ்சம், படங்கள் அதிகம். முழுக்க முழுக்க ஆட்டத்தின் முடிவுப் பகுதி. பெரும்பாலான காய்கள் வெட்டுப்பட்டு, போர்டில் மூன்று நான்கு மட்டும் மிஞ்சி நிற்கும் நேரம்.

ஒரு ராஜா, ஒரு சிப்பாய், எதிரே ஒரு ராஜா. இந்த மூன்றை வைத்தே நாற்பது பக்கம் எழுதியிருந்தார். அவசரமே இல்லை. ஒரு கட்டம் தள்ளி நின்றால் என்ன ஆகும், ஒரு நகர்வு தாமதித்தால் என்ன ஆகும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போவார். காலியான போர்டைக் கண்டு எனக்கு அதுவரை சலிப்பாக இருந்தது. காலியாக இருந்தாலும் அங்கே நிறைய நடக்கிறது என்று அந்த மனிதர் காட்டினார். வேலை முடிந்து நான் திரும்பும் அறையும் காலிதான். அங்கே உட்கார்ந்துதான் அதைப் படித்தேன்.

இரண்டாம் முறை எடுத்து வந்தபோது ஓரத்தில் பென்சில் எழுத்து. "இது தப்பு. ராஜா முதலில் போகணும்."

எனக்கு வந்ததே கோபம். நூலகப் புத்தகத்தில் எழுதுகிறவனைக் கட்டி வைத்து அடிக்க வேண்டும். ஆனால் அவன் சொன்னதும் தப்பு. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நானும் பென்சிலை எடுத்தேன். "தப்பு உங்களுடையது. ராஜா போனால் சிப்பாய் தப்பித்துவிடும்."

அடுத்த முறை எடுத்தபோது அதன் கீழே: "எப்படி?"

"யோசியுங்கள்."

ஒரு மாதம் கழித்து: "யோசித்தேன். நீங்கள் சொல்வதே சரி. ஆனால் நூத்திப் பன்னிரண்டாம் பக்கத்தில் நீங்கள் போட்ட டிக் தப்பு."

நூற்றுப் பன்னிரண்டுக்கு ஓடினேன். அவர் சொன்னது சரிதான்.

இப்படியே ஒரு வருடம் போனது. ஓரங்கள் நிறைந்துவிட்டன. ஆணா பெண்ணா, கிழமா குமரா தெரியாது. நூலகரைக் கேட்டால் சொல்லியிருப்பார்; புத்தகத்தில் கிறுக்குவது யார் என்று என்னையும் கேட்டிருப்பார். அதனால் கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒருநாள் இருந்தது: "இனி எழுத இடம் இல்லை. புத்தகம் பாவம். பதில் எழுதணும்னா இந்த அட்ரஸுக்கு எழுதவும்." கீழே கலியமூர்த்தி, மோட்டார் காயில் கட்டும் கடை, கருவேப்பிலங்குறிச்சி.

பிற்பாடுதான் தெரிந்தது, காயிலுக்குக் கம்பி வாங்க டவுனுக்கு வரும்போதெல்லாம் நூலகத்துக்கும் வந்து போவாராம்.

லாட்டரி நம்பர்

கார்டில் ஆடுவதற்கு எண்கள் போதும். எட்டுக்கு எட்டு கட்டம். இடமிருந்து எத்தனாவது, கீழிருந்து எத்தனாவது என்று இரண்டு எண். எங்கிருந்து எங்கே என்று மொத்தம் நான்கு எண். 52, 54. அவ்வளவுதான் கடிதம். சில வாரம் அதன் கீழே ஒரு வரி இருக்கும். "இங்கே மழை. மோட்டார் வேலை இல்லை." "யூனிட்டில் சூளை அணைத்திருக்கிறார்கள். நான்கு நாள் லீவு." அதற்கு மேல் இருவரும் எழுதியதில்லை.

பேட்டைக்கு வரும் தபால்காரருக்கு ஒரே சந்தேகம்.

"என்னாம்மா இது, வாராவாரம் நம்பரு வருது? லாட்டரியதான் நிறுத்திட்டாங்களே?"

"செஸ்ஸுண்ணே."

"செஸ்ஸா? எதிர்ல ஆளு இல்லாமயா?"

"ஆளு கருவேப்பிலங்குறிச்சில இருக்காரு."

"அடப் போம்மா. பஸ்ஸு ஏறுனா கொஞ்ச நேரம். நேர்ல போயி ஒரே நாள்ல நாலு ஆட்டம் ஆடிட்டு வருவியா, கார்டைப் போட்டுக்கினு இருக்குற."

அவர் ஆம்பிளை. சொல்லிவிட்டார். புருஷனை விட்டு வந்தவள் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஒரு மோட்டார் கடையில் போய் ஓர் ஆம்பிளை எதிரே நாலு மணி நேரம் உட்கார்ந்தால், மறுநாள் ஊர் என்ன ஆட்டம் ஆடும் என்று அவருக்கும் தெரியும். கார்டு நல்லது. கார்டில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

ஒரு ஆட்டம் முடிய ஒரு வருடம் ஆகும். முதல் ஆட்டம் நான் ஜெயித்தேன். இரண்டாவது டிரா. மூன்றாவதில்தான் வந்தது வினை.

செண்டர்காரர் காட்டியது

ஆட்டம் முடிவுப் பகுதிக்கு வந்துவிட்டது. ஆளுக்கொரு யானை, கொஞ்சம் சிப்பாய்கள். எனக்கு நல்ல நிலைமை என்று நினைத்திருந்தேன். அப்போது அவர் ஒரு சிப்பாயைச் சும்மா தூக்கிக் கொடுத்தார். வெட்டினேன். அவருடைய ராஜா மெதுவாக நடுவில் நடந்து வந்து என் சிப்பாய்களுக்கு மத்தியில் நின்றது. அடுத்த இரண்டு கார்டும் உடனுக்குடன் வந்தன. நான் ஒடுங்கிப் போனேன்.

அந்த வாரம் யூனிட் முதலாளிக்காக ஒரு ஈமெயில் அனுப்ப ஜங்ஷன் ரோட்டில் ஒரு பிரவுசிங் செண்டருக்குப் போனேன். அதை நடத்துகிறவர் கம்ப்யூட்டரோடு செஸ் ஆடிக்கொண்டிருந்தார்.

"இது ஜெயிக்குமாங்க?" என்று கேட்டேன்.

"மேடம், இத ஜெயிக்க ஒலகத்துல ஆளு இல்ல. வேணும்னா நீங்க ஒண்ணு குடுத்துப் பாருங்களேன்."

என் ஆட்டத்தின் நிலைமை மனப்பாடமாக இருந்தது. கலியமூர்த்தி சிப்பாயைக் கொடுப்பதற்கு முந்திய நிலைமையை அடுக்கச் சொன்னேன். கம்ப்யூட்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. சிப்பாயைக் கொடுத்தது. நான் வெட்டினேன். ராஜாவை நடுவுக்குக் கொண்டுவந்தது. மூன்று நகர்வும் அப்படியே, கார்டில் வந்தபடி.

"பாத்தீங்களா? மனுசனுக்கு இதெல்லாம் தோணாது மேடம்," என்றார் செண்டர்காரர்.

அந்த ஒரு வாக்கியம் போதும் எனக்கு. நேரே தபால் நிலையம் போனேன். மிச்சத்தைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

ஒரே வார்த்தை

வழக்கமாக ஒரு வாரத்தில் பதில் வரும். வரவில்லை. இரண்டாவது வாரமும் இல்லை. மாட்டிக்கொண்டார், அதுதான் வாயடைத்துவிட்டது என்று நினைத்தேன். நாலாவது வாரம் தபால்காரர் கார்டைக் கொண்டுவந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கொடுத்தார்.

"என்னாம்மா, இன்னிக்கு நம்பரே இல்ல?"

ஒரே வார்த்தை. "தோற்றேன்."

நான் ஜெயித்துவிட்டேன். அன்று சாயந்திரம் அறைக்கு வந்து அந்த நிலைமையை அடுக்கி வைத்துப் பார்த்தேன். என் பக்கம் அவருடைய சிப்பாய்க்கு வழிவிட்டுக் கிடந்தது. இன்னும் ஆறேழு நகர்வில் எனக்குக் கதை முடிந்திருக்கும். அவர் ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டத்தைத் தூக்கி எறிந்திருக்கிறார்.

திருடுகிறவன் ஜெயிப்பதற்காகத்தான் திருடுவான். கையில் வந்ததை எதற்குத் தூக்கிப் போடுவான்?

அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். கார்டை எழுதும் முன்னால் யோசித்திருக்க வேண்டும். ஏழும் எட்டும் பதினைந்து என்று கம்ப்யூட்டரும் சொல்லும், கீரைக்காரியும் சொல்வாள். அதற்காகக் கீரைக்காரி கம்ப்யூட்டரைக் கேட்டாள் என்று அர்த்தமா? அந்த நிலைமையில் இருந்த ஒரே நல்ல நகர்வு அது. அவர் கண்டுபிடித்திருக்கிறார். நான் கண்டுபிடிக்கவில்லை. எனக்குத் தோன்றாதது மனுஷனுக்கே தோன்றாது என்று முடிவு கட்டிவிட்டேன்.

கருவேப்பிலங்குறிச்சி

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

கடையைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. கடைத்தெருவில் டீக்கடைக்கு அடுத்து. வாசலில் பிரித்துப் போட்ட மோட்டார்கள். உள்ளே ஒரு மனிதர் தரையில் உட்கார்ந்து செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது, சுற்று எண்ணிக்கொண்டிருந்தார். நடுத்தர வயது, ஒல்லி, விரல் நுனியெல்லாம் வார்னிஷ் கறை. எண்ணி முடிக்கும்வரை தலையை நிமிர்த்தவில்லை. பக்கத்தில் ஸ்டூலில் ஒரு பெண் கம்பிச் சுருளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நான் தமிழரசிங்க. விருத்தாசலம்."

அவர் கை நின்றது. அந்தப் பெண்தான் முதலில் பேசினார். அவர் மனைவி அஞ்சலை.

"நீங்கதானா அது? வாங்க. நல்லா வந்தீங்க. என்னா எழுதிட்டீங்க, தெரியுமா?"

"ஏ, சும்மா இரு," என்றார் அவர்.

"நான் எதுக்கு சும்மா இருக்கணும்? ஊரே பேசுது, நான் பேசக் கூடாதா?" என்னைப் பார்த்துத் திரும்பினார். "போஸ்ட்மேன் கார்டை இவுரு கைல குடுக்கலங்க. டீக்கடையில குந்திக்கினு படிச்சிக் காமிச்சிட்டுதான் குடுத்தாரு. எப்பவும் நம்பரா வரும், யாருக்கும் ஒண்ணும் புரியாது. அன்னிக்கு நல்லா தமிழ்ல வந்துச்சில்ல? திருட்டுன்னு."

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு டி.வி.எஸ். வந்து நின்றது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் இறங்காமலேயே கேட்டார்.

"என்னா கம்ப்யூட்டரு, என் மோட்டரு ஆச்சா?"

"நாளைக்கு வாங்க மாமா."

"கம்பியெல்லாம் ஒழுங்கா போடுப்பா. திருட்டுக் காயிலு கட்டிடாத." சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

அஞ்சலை என்னைப் பார்த்தார். மோட்டார் உள்ளே எத்தனை சுற்று சுற்றினார், எந்தத் தடிமனில் கம்பி போட்டார் என்று எந்த விவசாயியும் பிரித்துப் பார்க்க முடியாது. மூடி போட்டு வார்னிஷ் ஊற்றிவிட்டால் முடிந்தது. அவர் வார்த்தையை நம்பித்தான் கொடுக்கிறார்கள். எனக்குத் தட்டிப் பார்க்கவாவது ஒரு சத்தம் இருக்கிறது. அவர் தொழிலில் அதுவும் இல்லை. பெயர் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பெயரின் மேல்தான் நான் நின்றுகொண்டே மூன்று வாக்கியம் எழுதியிருக்கிறேன்.

"எதுக்குங்க தோத்தேன்னு எழுதினீங்க? ஆட்டம் உங்களுதாச்சே," என்றேன்.

அவர் கம்பி முனையைக் கத்தியால் சுரண்டிக்கொண்டே சொன்னார். "ஜெயிச்சிருந்தா என்னா சொல்லியிருப்பீங்க?"

வாசலில் பிரித்துக் கிடந்த மோட்டாரைப் பார்த்தேன்.

"அதான். தோத்துட்டா பேச்சு முடிஞ்சிச்சி."

"தப்பு என்னுதுங்க. கம்ப்யூட்டர்ல அடுக்கிப் பாத்தேன். அதே வந்துச்சி. அவசரப்பட்டுட்டேன்."

"கம்ப்யூட்டரும் அதே சிப்பாயக் குடுத்துச்சா?" முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு நொடி சந்தோஷம் வந்து போனது. "பதினோரு நாளு அந்த ஒண்ணத்தான் பாத்தேன்."

"ரொம்ப பெருமதான்," என்றார் அஞ்சலை. "பதினோரு நாளு சோறு எறங்கல இவுருக்கு. அதுக்குக் கெடச்ச பேரு இது."

"மறுபடி ஆடலாங்களா?" என்று கேட்டேன். கெஞ்சித்தான் கேட்டேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை. குரல் விகாரமாக வந்தது.

அவர் அடுத்த சுருளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "டீ குடிச்சிட்டுப் போங்க தங்கச்சி. பஸ்ஸு இருக்குது." பிறகு உதடு அசைய ஆரம்பித்துவிட்டது. எண்ணுகிறவரிடம் பேசக் கூடாது என்று எனக்குத் தெரியும். டீ குடிக்காமல் வந்துவிட்டேன்.

மறுபடி ஒரு கார்டு

மறுநாள் ஒரு இன்லேண்டு லெட்டர் வாங்கினேன். அதே சாய்வு மேசை. மன்னிப்புக் கேட்டு இரண்டு பக்கம் எழுதி, மடித்து ஒட்டினேன். பெட்டி வரைக்கும் போனேன். அங்கே நின்றபோது உறைத்தது. ஊர் கேட்க ஒருத்தரைத் திருடன் என்று சொல்லிவிட்டு, ஒட்டிய கடிதத்துக்குள் ரகசியமாகத் தப்பை ஒப்புக்கொண்டால் அது என்ன நியாயம்? மானம் போவது என்றால் என்னுடையதும் அதே டீக்கடையிலேயே போகட்டும். கடிதத்தைக் கிழித்தேன்.

கார்டு வாங்கி, வெளிச்சம் குறைந்த கடையில் கண்ணாடி போடாதவர்கூடப் படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதினேன்.

"கலியமூர்த்தி அவர்கள் யாரையும் எதையும் கேட்டு ஆடவில்லை. அவர் சொந்த மூளையில் ஆடினார். நான் தோற்றதைத் தாங்க முடியாமல் பொய் எழுதினேன். இந்த ஆட்டத்தில் ஜெயித்தவர் அவர். தோற்றவள் தமிழரசி."

அதை டீக்கடையில் படித்தார்களா, படித்தபின் அவரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கெட்ட சேதியைப் படித்துக் காட்டுகிறவர்கள் நல்ல சேதியையும் படித்துக் காட்டுவார்களா என்பதும் சந்தேகம்தான்.

ஏழெட்டு வாரம் ஒன்றும் வரவில்லை. மழைக்காலம் வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை தபால்காரர் கூரைக்கு அடியில் நின்று கார்டை நீட்டினார். "மறுபடியும் நம்பரு வந்துடுச்சிம்மா," என்றார். அவருக்கே சந்தோஷம்.

பொடி எழுத்து. முழுக்க எண்கள். மேலே மட்டும் இரண்டு மூன்று வரி: "சிப்பாயை நீங்கள் வெட்டியது தப்பில்லை. அதற்கு அடுத்த நகர்வில் யானையை அங்கேயே வைத்ததுதான் தப்பு. தூரத்து ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டில் செக் கொடுத்துக்கொண்டே இருந்திருந்தால் டிரா." அதன் கீழே பதினாறு நகர்வுகள். என் ராஜா எங்கே ஒதுங்க வேண்டும், அவர் வேறு வழியில் வந்தால் நான் என்ன செய்ய வேண்டும் என்று அடைப்புக்குறி போட்டு எழுதியிருந்தார்.

கடைசியில் கார்டில் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் இருந்தது. புது ஆட்டத்தின் முதல் நகர்வுக்கு நான்கு எண் போதும். அதை எழுத அங்கே தாராளமாக இடம் இருந்தது. எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போர்டை வைத்துக்கொண்டு பார்த்தேன். எங்காவது ஓட்டை இருந்தால் அதைச் சாக்காக வைத்து ஒரு கார்டு போடலாம் என்று தேடினேன். வெளியே மழை. மத்தியானம் சோறு வடிக்கவில்லை. பதினாறு நகர்வையும் மூன்று தடவை ஆடிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் நானே. ஒரு ஓட்டையும் இல்லை. அவர் சொன்னது அத்தனையும் சரி.

சரி என்று யாரிடம் சொல்வது?